மூன்றுக்கே தொடங்கும் பள்ளிக்கூடம்

அந்தப் பிரதேசத்தின் வரைபடத்தை மாட்டக் கல்வி அலுவலகத்தின் ஒரு சுவர் போதவில்லை. மிச்சத்தை மூலையில் மடக்கி அடுத்த சுவரில் ஒட்டியிருந்தார்கள். அந்த மடிப்புக்குள் இரண்டு பள்ளிக்கூடங்கள் மாட்டிக்கொண்டன. ஒன்று உப்பளத்துப் பள்ளிக்கூடம், மற்றது எல்லைச் சாவடிப் பள்ளிக்கூடம். அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே தவறாமல் ஆய்வுக்குப் போய்வந்தது ஒரு பல்லி மட்டும்தான்.

இவ்வளவு பெரிய நிலத்துக்கும் சேர்த்து இசை ஆசிரியர் பணியிடம் ஒன்றே ஒன்று. அது ஒன்பது வருடமாகக் காலியாகக் கிடந்தது. வேலைக்கு வந்தவர்கள் முதலில் வரைபடத்தைப் பார்த்தார்கள். பிறகு உப்பளத்துக்குப் பஸ் உண்டா என்று கேட்டார்கள். பஸ்ஸில் ஒன்றரை நாள் என்று தெரிந்ததும் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. ஒருவருக்கு ஒரே வாரத்தில் மாமனார் இரண்டு முறை இறந்துபோனார்.

ஏழு வருடத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இருக்கிற ஊழியர்களையும் இருக்கிற வசதிகளையும் வைத்து ஒன்பது பள்ளிகளிலும் பாட்டு வகுப்பை உடனே தொடங்கி, தொடங்கியாயிற்று என்று அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கைக்குக் கெடு பத்து நாள். வகுப்புக்குக் கெடு எதுவும் சொல்லவில்லை. உத்தரவு இணை இயக்குநரின் மேசைக்குப் போனது. அவரிடம் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். மழை அடிக்கிறது சார், ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டாலும் பார்க்கலாம்தான். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பார்க்கலாம். அப்பேர்ப்பட்ட பார்க்கலாம், வாழ்க்கையில் முதல் தடவையாக உடனே ஒரு முடிவெடுத்தார். போன மாதம் பணி ஓய்வு விழாவில் டெலிபோன் ஆபரேட்டர் பாடினாரே, காதுக்கு நன்றாகத்தானே இருந்தது, டெலிபோனும் அவரிடம்தானே இருக்கிறது என்றார். ஊழியரும் ஆயிற்று, வசதியும் ஆயிற்று.

ஆபரேட்டருக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. இருபது வருடமாக அந்த அலுவலகத்தின் குரல் அவள்தான். முகத்தை யாரும் கவனித்ததில்லை. சிறு வயதில் ஆறு வருடம் பாட்டு கற்றவள். அப்பாவுக்கு மாற்றல் வந்தபோது பாட்டு பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. எதிர்முனையில் இருப்பவர் மூச்சு விடுகிற விதத்தை வைத்தே, திட்டப் போகிறாரா குழையப் போகிறாரா என்று சொல்லிவிடுவாள். மிச்சமிருந்த சங்கீதம் அவ்வளவுதான். முடியாது என்று சொல்லிவிடத்தான் மேலே போனாள். புது வேலைக்குத் தனி அறை உண்டு என்றார்கள். இருபது வருடமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் கழிப்பறைக்கு வழி சொன்ன அலுப்பில் உடனே சரி என்றுவிட்டாள்.

தனி அறை கழிப்பறைக்கு அடுத்த அறையாக இருந்தது.

கால் உடைந்த நாற்காலிகளும் பழைய தேர்வுத்தாள் கட்டுகளும் கிடந்த இடம். நாற்காலிகளை வெளியே தள்ளிவிட்டு, கட்டுகளைச் சுவரோரம் கூரை வரைக்கும் அடுக்கினாள். பக்கத்து அறையின் தண்ணீர்ச் சத்தத்தில் பாதியை அவை வாங்கிக்கொண்டன. யார் யாரோ தோற்ற தேர்வுகள் கடைசியில் இதற்காவது பயன்பட்டன. மேசைமேல் கூட்டு அழைப்புப் பலகையை வைத்தார்கள். பள்ளிக்கு ஒன்றாக ஒன்பது விளக்கு, ஒன்பது விசை, ஓரத்தில் ஒரு சிவப்பு விசை. சிவப்பு விசை மேலே இருந்தால் எல்லாருக்கும் எல்லாரும் கேட்கும். கீழே இருந்தால் பள்ளிகளுக்கு அவள் குரல் மட்டும் கேட்கும். அத்தனை பள்ளிகளும் அவளுக்கு மட்டும் கேட்கும்.

முதல் வகுப்பன்று சிவப்பு விசை மேலேதான் இருந்தது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு சின்னப் பாட்டைச் சொல்லி, பென்சிலால் மேசையைத் தட்டி, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணி விட்டாள். பக்கத்திலிருந்த நாலு பள்ளிகளுக்குக் கம்பி வழி இணைப்பு. அவை சரியாகத் தொடங்கின. தூரத்து மூன்றுக்குச் சத்தம் செயற்கைக்கோள் வரை ஏறி இறங்க வேண்டும். அவை ஓர் எண்ணிக்கை பிந்தி வந்தன. மடிப்புக்குள் இருந்த இரண்டுக்கும் அதே பயணம் இரண்டு தடவை. அவை இரண்டு எண்ணிக்கை பிந்தி வந்தன. மற்றவர்கள் பாடுவதைக் கேட்ட ஒவ்வொரு பள்ளியும் தப்பு தன்மேல்தான் என்று நினைத்து நிறுத்தி மறுபடி தொடங்கியது. பஸ் நிலையத்தில் ஒன்பது ஊருக்கு ஒரே நேரத்தில் ஆள் கூப்பிட்ட மாதிரி இருந்தது. பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த தலைமை எழுத்தர், என்னவோ ஏதோ என்று பாதியில் எழுந்து ஓடிவந்தார்.

அவள் சிவப்பு விசையைக் கீழே தள்ளினாள். கை தவறிக்கூட மேலே போகக் கூடாது என்று முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து அதன்மேல் ஒட்டினாள். அது ஏழு வருடம் அங்கேயே இருந்தது.

இரைச்சல் போனது, தாமதம் போகவில்லை. முதல் இரண்டு வாரம் உப்பளத்துப் பிள்ளைகளைத் தூங்குமூஞ்சிகள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். வீட்டுக்கு வந்து கணவரிடமும் புலம்பினாள். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். இஞ்சின் சத்தம் என்றால் மட்டும் காது விடைக்கும். சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதில் என்ன பெரிய மர்மம் என்கிற மாதிரி சொன்னார்.

"பிஸ்டன் உச்சிக்கு வந்தப்புறமா டீசலைத் தெளிப்பாங்க? அதுக்கு முன்னாடியே தெளிச்சாத்தான் சரியான நேரத்துக்கு வெடிக்கும். உன் உப்பளத்துக்காரங்களை முன்னாடியே பாட விடு. டைமிங்தானே, வேற ஒண்ணுமில்ல."

மறுநாளே அவளுக்குப் பிடிபட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். தாமதம் கம்பியிலும் வானத்திலும் இருக்கிறது, உங்கள்மேல் தப்பில்லை, திட்டியது நான் செய்த தப்பு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் டீச்சர் வேலைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் மன்னிப்பா என்று வறட்டுக் கௌரவம் தடுத்தது. அதனால் மடிப்புக்குள் இருந்த இரண்டு பள்ளிகளையும் அழைத்து, உங்களுக்கு மட்டும் ஒரு சலுகை, நான் மூன்று சொல்லும்போதே நீங்கள் தொடங்கலாம் என்றாள். செயற்கைக்கோள் பள்ளிகள் நான்கு சொல்லும்போது தொடங்க வேண்டும். கம்பிப் பள்ளிகள் நான்கு முடிந்த பிறகு.

அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. எண்ணினாள். நான்கு முடிந்த அடுத்த தட்டில், ஒன்பது பள்ளிகளும் ஒரே குரலாக அவள் காதுக்குள் வந்து இறங்கின. அழுதாள் என்று எழுதினால் அவளுக்குக் கோபம் வரும். மூக்கைச் சிந்தினாள் என்று வைத்துக்கொள்வோம்.

அன்றிலிருந்து அது அவள் வாழ்க்கையாகிவிட்டது. பணிமனையில் கணவர் சொல்லி, டிரைவர்கள் பஸ் கூரைமேல் மத்தளமும் மவுத் ஆர்கனும் கட்டிக்கொண்டு போனார்கள். சுரங்கத்துப் பள்ளிக்குப் போன மத்தளத்தின்மேல் வழியில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் அதில் உரச் சாக்கை இழுத்துக் கட்டி அடித்தார்கள். சுருதிக்கு என்ன செய்வது என்று கேட்ட பள்ளிகளிடம், ரிசீவரை எடுங்கள், நம்பர் சுழற்றுவதற்கு முன்னால் ங்ங்ங் என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் நம் சுருதி என்று சொல்லிவிட்டாள். ஒன்பது பள்ளிப் பிள்ளைகளும் டெலிபோனுக்குச் சுருதி சேர்த்துப் பாடி வளர்ந்தார்கள். முகம் தெரியாத அவளை நாலு டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அவள் தப்பாமல் செய்கிற காரியம் நாலு வரை எண்ணுவதுதானே.

சலுகைக்கு வேறு மரியாதை ஏறிவிட்டது. உப்பளத்தில் மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்: நாம் மூன்று. மற்றவர்கள் காத்திருப்பார்கள், நாம் காத்திருக்க வேண்டியதில்லை. டீச்சருக்கும் எண்ணிக்கை பழகிப்போய், அப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே மறந்துபோனது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிற ரகம் அவள்.

இப்படியாக ஏழாவது வருடம் ஓடிக்கொண்டிருக்கும்போது கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் ஒரு பெட்டியோடு வந்தார். பொத்தானை அழுத்தினால் பெட்டி பாடும். வகுப்புக்கு வகுப்பு தனிப் பாடம், எல்லாம் பதிவு செய்தது. பெட்டிக்கு லீவு வேண்டாம், தனி அறை வேண்டாம், வயதும் ஆகாது என்று பெட்டிக்காரர் சொன்னபோது, பார்க்கலாம் அவளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். அவளைக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னார். ஆண்டு முடிவில் ஒரு குழு வருகிறது. பெட்டியும் பாடட்டும், உங்கள் பிள்ளைகளும் வந்து பாடட்டும். எது நன்றாக இருக்கிறதோ அது இருக்கும். பெட்டி என்று ஆகிவிட்டால் நீங்கள் வரவேற்பு மேசைக்குத் திரும்பிவிடலாம், நாற்காலி அப்படியே இருக்கிறது என்று ஆறுதலும் சொன்னார்.

அவளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளை நினைத்தா, கழிப்பறைக்கு வழி சொல்வதை நினைத்தா என்று கேட்டால், இரண்டையும் நினைத்துத்தான். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் பத்தரை மணி ஞாபகம் வந்தது. பெட்டி வந்துவிட்டால் அந்த நேரத்தில் காதுக்குள் ஒன்றும் வந்து இறங்காது என்று நினைத்ததும், நடுத்தெருவில் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டினார்.

பள்ளிக்குப் பதினைந்து பேர் வீதம் வர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. தூரத்துப் பஸ் வழியில் படுத்துக்கொள்ளும் என்பது நிச்சயம் என்பதால், கணவரே லீவு போட்டுவிட்டு அதோடு போனார். முதல் நாள் பிற்பகலே வந்து சேர்ந்து ஒத்திகை பார்ப்பதாகத் திட்டம். பஸ் இரண்டு இடத்தில் படுத்தது. நிகழ்ச்சிக்கு அரை மணி இருக்கும்போதுதான் மண்டப வாசலில் வந்து நின்றது. இறங்கிய கணவரின் சட்டையில் சட்டை நிறத்தைத் தவிர எல்லா நிறமும் இருந்தது.

டீச்சர் வாசலில் நின்று பிள்ளைகளைப் பார்த்தாள். குரல் எல்லாம் தெரியும், ஒரு முகமும் தெரியாது. வாயைத் திறந்தவுடன் ஒவ்வொருவராக அடையாளம் தெரிந்தது. உப்பளத்தில் எப்போதும் மூக்கடைத்த குரலில் பாடுகிற ஒரு பெண் உண்டு. டீச்சர் மனதில் அது பூஞ்சையான ஒரு சின்னக் குழந்தை. வந்து நின்றதோ அவளைவிட ஒரு சாண் உயரம்.

"டீச்சர், நீங்க இவ்ளோ குள்ளமா?" என்றாள் மூக்கடைப்பு. ஏமாற்றத்தை மறைக்கவும் இல்லை.

முதலில் பெட்டி பாடியது. பிசிறு இல்லை, மூச்சு வாங்கவில்லை, யாரும் தும்மவில்லை. குழு கைதட்டியது. மூக்கடைப்பு மேடையோரம் போய், நாங்கள் பாடுவது இதற்குக் கேட்குமா என்று பெட்டிக்காரரிடம் விசாரித்தாள். கேட்காது, இது பாடும், அவ்வளவுதான் என்றார் அவர். அப்படியானால் நாங்கள் தப்பாகப் பாடினால் என்று கேட்டாள். யாரும் திட்ட மாட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னார். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வரிசைக்குத் திரும்பினாள்.

அடுத்து பிள்ளைகள். நூற்று முப்பத்தைந்து பேர். டீச்சர் முன்னால் போய் நின்றாள். கையில் பென்சில் இருந்தது, தட்டுவதற்கு மேசை இல்லை. கையை உயர்த்தி எண்ணினாள்.

மூன்றில் உப்பளமும் எல்லைச் சாவடியும் புறப்பட்டன. நான்கில் செயற்கைக்கோள்காரர்கள் புறப்பட்டார்கள். அதற்கும் அடுத்து கம்பிக்காரர்கள். முப்பது பேர் முதல் வரியில் பாதி தூரம் போயிருந்தபோது அறுபது பேர் அப்போதுதான் வாயையே திறந்தார்கள். யாருக்கும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று கூட்டமும் தங்கள் டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி, நூல் பிசகாமல், மூன்று பாட்டைப் பாடின. குழுவில் ஒருவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். இன்னொருவருக்கு அந்த நாகரிகமும் இல்லை. பெட்டிக்காரர் பெருந்தன்மையாகக் கூரையைப் பார்த்தார்.

டீச்சருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கதவருகே நின்ற கணவர்தான் தலையில் அடித்துக்கொண்டார். மெதுவாகச் சொல்வதாக நினைத்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இஞ்சினை மாத்தினா டைமிங்கையும் மாத்தணும்னு தெரியாதா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தினாள். ஏழு வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை, கைதட்டி முடித்த குழுவையும் பெட்டியையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"மூணுல ஆரம்பிக்கிறது சலுகைன்னு சொன்னேன்ல, அது பொய். உங்க சத்தம் எனக்கு வந்து சேர ரெண்டு எண்ணிக்கை ஆகுது. அது தெரியாம ரெண்டு வாரம் திட்டிட்டேன். திட்டினது தப்புன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு சலுகைன்னு சொல்லிட்டேன்."

திட்டு வாங்கிய பிள்ளைகள் எப்போதோ படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மன்னிப்பு அவர்களுடைய தம்பி தங்கைகளுக்குக் கிடைத்தது. அவர்கள் அதை எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. மூக்கடைப்பின் கண் கலங்கிவிட்டது.

"அப்போ நாங்க மூணு இல்லையா?"

"அங்க இருக்கறப்ப மூணுதான். இன்னைக்கு நீங்க கிட்ட இருக்கீங்க. இன்னைக்கு மட்டும் எல்லாரும் நாலு முடிஞ்சு."

மறுபடி எண்ணினாள். இந்தத் தடவை நூற்று முப்பத்தைந்து பேரும் ஒரே நொடியில் தொடங்கினார்கள். மண்டபத்தின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரியில் உப்பளம் நின்றது. பிறகு எல்லைச் சாவடி. பிறகு ஒவ்வொருவராக, விளக்கை அணைத்துக்கொண்டே போகிற மாதிரி, கடைசிப் பிள்ளை வரைக்கும் நின்றுவிட்டார்கள். எல்லாரும் கழுத்தைத் திருப்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், தினமும் இவ்ளோ பேராவா பாடிட்டிருந்தோம்?" என்று மூக்கடைப்பு கேட்டாள்.

ஆமாம் என்றாள் டீச்சர். உங்களோடு இன்னும் எட்டுப் பள்ளிகள் பாடுகின்றன என்று அவள் எத்தனையோ தடவை சொன்னதுதான். பெரியவர்கள் சொல்கிற ஆயிரம் பேச்சில் அதுவும் ஒன்று என்று பிள்ளைகள் விட்டிருந்தார்கள். ஒரு டெலிபோனைச் சுற்றி நின்று, அடுத்த ஊர்க் குரல் ஒன்றுகூடக் கேட்காமல், ஓர் அம்மாள் எண்ணுகிறாளே என்பதற்காக ஏழு வருடம் பாடியிருக்கிறார்கள். ஒன்பது பள்ளியும் சேர்ந்து பாடியதை உலகத்தில் கேட்டது அவள் ஒருத்திதான். ஊருக்கே சமைத்த விருந்தை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தியாகச் சாப்பிட்டிருக்கிறாள். அவமானமாக இருந்தது. அன்று விசைமேல் பிளாஸ்திரி ஒட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பார்க்கலாம் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் எண்ணுவதற்குக் கையை உயர்த்தினாள், எண்ணாமலே இறக்கிவிட்டாள். அப்போது வரிசைக்குள் எங்கிருந்தோ ஒரு பிள்ளை ங்ங்ங் என்று ஆரம்பித்தது. பக்கத்துப் பிள்ளை சேர்ந்துகொண்டது. சற்று நேரத்தில் நூற்று முப்பத்தைந்து பேரும் டெலிபோன் ரிசீவராகிவிட்டார்கள். முன்வரிசையில் இரண்டு அதிகாரிகள் பழக்கதோஷத்தில், செல்போன் அதிர்கிறதோ என்று சட்டைப்பையைத் தடவினார்கள். சுருதி நின்றதும் மூக்கடைப்பு எண்ணினாள். ஒன்று, இரண்டு, பிறகு டீச்சர் எப்போதும் நடுவில் இருமுகிற சின்ன இருமல், பிறகு மூன்று, நான்கு.

பாடினார்கள். யாரும் நிறுத்தவில்லை. பெட்டி அளவுக்குச் சுத்தம் என்று சொல்ல முடியாது. நாலு பேர் தும்மினார்கள், சுரங்கத்து உரச்சாக்கு மத்தளம் அவசரப்பட்டது. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாகப் போய்க் கணவர் பக்கத்தில் நின்றாள். மூணாவது சிலிண்டர் கொஞ்சம் அடிக்கிறது என்று அவர் காதோடு சொன்னார். எனக்கும் தெரியும், சும்மா இருங்கள் என்றாள்.

எல்லாம் முடிந்ததும் குழு பார்க்கலாமைப் பார்த்தது. அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, பார்க்கலாம் என்றார். நாலு நாள் கழித்துக் கோப்பு கீழே வந்தது. தற்போதைய ஏற்பாடு தொடரலாம், பெட்டிகளும் வாங்கலாம் என்று எழுதியிருந்தது. ஒரு மனிதர் யாரிடமும் கெட்ட பெயர் வாங்காமல் ஓய்வுபெற வேண்டுமானால் இப்படித்தான் எழுத வேண்டும். பெட்டிகள் தலைமை ஆசிரியர்களின் அறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. எல்லைச் சாவடியில் அதன்மேல் தண்ணீர்க் குடம் வைத்திருப்பதாகக் கேள்வி.

அடுத்த திங்கட்கிழமை பத்தரைக்கு ஒன்பது விளக்கும் எரிந்தன. அவள் எண்ணத் தொடங்குவதற்கு முன்னால் உப்பளத்து விளக்கிலிருந்து மூக்கடைப்பு, எல்லாரும் கேட்கிற மாதிரி செய்யுங்கள் என்றாள். கம்பிக்காரர்களுக்குச் சரியாகக் கேட்கும், உங்களுக்கு எல்லாம் பிந்திப் பிந்திக் கேட்கும், குழம்பிப் போவீர்கள் என்று டீச்சர் விளக்கினாள். பரவாயில்லை என்று பதில் வந்தது. பிளாஸ்திரியை உரித்தாள். பசை நகத்துக்குள் போனது. சிவப்பு விசையை மேலே தள்ளிவிட்டு எண்ணினாள்.

குழம்பித்தான் போனார்கள். உப்பளம் தன் வரியைப் பாடிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்களின் முந்தின வரி வந்து காதில் இடித்தது. இரண்டு நாள் முட்டி மோதினார்கள். மூன்றாம் நாள் மூக்கடைப்பே ஒரு வழி கண்டுபிடித்தாள். டீச்சர் எண்ணுவதை மட்டும் கேட்டுக்கொள்வது, மூன்றில் தொடங்குவது, தொடங்கியதும் எல்லாரும் இரண்டு காதையும் பொத்திக்கொள்வது, பாடி முடித்ததும் கையை எடுத்துவிடுவது. அப்படியே செய்தார்கள். பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் உப்பளத்திலிருந்து சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று டீச்சர் விளக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"கேட்டுட்டோம் டீச்சர்," என்றாள் மூக்கடைப்பு. "நாங்க முடிச்சப்புறம் ரெண்டு எண்ணிக்கை நீங்க எல்லாரும் எங்களுக்காகப் பாடறீங்க."

இது எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்டது. மறுநாள் பாட்டின் கடைசி எழுத்தைக் கம்பிப் பள்ளிகள் விடவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தாங்களாகவே பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு எண்ணிக்கை நாலாயிற்று. செயற்கைக்கோள்காரர்கள் சேர்ந்துகொண்டதும் ஆறாயிற்று. உப்பளத்திலும் எல்லைச் சாவடியிலும் முப்பது பிள்ளைகள் காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி எழுத்து வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டே போகிறது. நிறுத்தச் சொல்ல டீச்சருக்கு மனமில்லை. கடைசித் தட்டில் வைத்த பென்சிலை எடுக்க மறந்து அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தலைமை எழுத்தர் இதுபற்றி எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறார். போன வாரம் பார்க்கலாமே, கழிப்பறைக்குப் போகிற வழியில், கதவைத் திறந்து தலையை நீட்டினார். உள்ளே ஒலிபெருக்கியில் நூற்றைந்து பிள்ளைகள் ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். சற்று நேரம் அவரும் நின்றார். வந்த காரியம் மறந்துபோனது போலிருந்தது.

"இந்தப் பாட்டு எப்பம்மா முடியும்?" என்று கேட்டார்.

அவள் திரும்பாமலே சொன்னாள்.

"பார்க்கலாம் சார்."